ஆறாம் நாள் பியர்

சிரில் ஆர்மராட் முப்பத்தோரு வருடம் பஸ் இன்ஸ்பெக்டராக இருந்தார். ரேவன்கிளஃப் ஊரில் அவரைத் தெரியாத டிரைவர் கிடையாது. தெரிந்தவர்களில் அவரைப் பார்த்துச் சிரித்தவரும் கிடையாது. வட இங்கிலாந்தின் லங்காஷயர் மழையில் தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஏதாவது ஒரு நிறுத்தத்தில் நின்றுகொண்டிருப்பார். பஸ் ஒரு நிமிடம் முந்தி வந்தால் நோட்டில் ஒரு குறிப்பு, இரண்டு நிமிடம் பிந்தி வந்தால் இன்னொரு குறிப்பு. சரியான நேரத்துக்கு வரும் பஸ்ஸைப் பார்த்தால் மட்டும் மனிதருக்கு முகம் வாடிப்போகும்.

அவர் ஓய்வு பெற்ற அன்று டிப்போ கேன்டீனில் ஆளுக்கொரு ஹாம் சாண்ட்விச் கொடுத்து, அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பரிசளித்தார்கள். கடிகாரத்தை வைத்தே ஊரை வதைத்தவருக்குக் கடிகாரம். அதில் இருந்த குத்தல் அவருக்குப் புரியவில்லை. சரியான நேரம் காட்டுகிறதா என்று மட்டும் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் எல்லாரும் "வீவர்ஸ்" பப்புக்குப் போனார்கள். அவரை யாரும் கூப்பிடவில்லை. கடிகாரத்தைக் கையில் இடுக்கிக்கொண்டு அதே வழியாகத்தான் அவர் வீட்டுக்கு நடந்தார். ஜன்னல் வழியே பார்த்தார். இருபது பேர் கண்ணாடிக் கோப்பைகளை உயர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அநேகமாக அவர் போய்த் தொலைந்ததற்காக. அவருக்கு வலித்தது. மனைவி நோராவிடம்கூடச் சொல்லவில்லை, ஆனால் வலித்தது. அறுபத்தைந்து வயதில் அந்த மனிதருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். யாராவது தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், தனக்காக ஒரு கோப்பையைத் தூக்க வேண்டும்.

அப்போது ஊரில் வீட்டுக்கு வீடு பியர் காய்ச்சும் பைத்தியம் பிடித்திருந்தது. மருந்துக்கடையில் இருமல் மருந்துக்குப் பக்கத்திலேயே முளைகட்டிய பார்லியின் மால்ட் சாறு டப்பாவும், பியருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூப் பொட்டலமும் விற்றார்கள். சிரில் நூலகம் கழித்து விற்ற ஒரு புத்தகத்தை வாங்கி வந்தார். அதில் எழுதியிருந்தது இது: பியர் புளிக்கச் சுமார் ஆறு நாள் ஆகும், ஆனால் நுரை முழுவதும் அடங்கும்வரை பொறுத்திருக்கவும். சிரில் முதல் பாதியைப் பென்சிலால் அடிக்கோடிட்டார். பொறுத்திருப்பது என்பது அவருடைய வழித்தடத்தில் இல்லாத நிறுத்தம்.

சாற்றையும் சர்க்கரையையும் ஹாப்ஸையும் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் தூவி, பிளாஸ்டிக் வாளியை மாடியில் சுடுதண்ணீர்த் தொட்டி இருக்கும் அலமாரிக்குள் வைத்தார். வீட்டிலேயே கதகதப்பான இடம் அதுதான். நோரா துவைத்த துணிகளை உலர்த்தி அடுக்குவதும் அங்கேதான்.

"சர்ச்சுல பக்கத்துல உக்காந்திருக்கறவ மூக்கைச் சுளிக்கிறா, சிரில். என் துண்டு, போர்வை, உள்பாவாடை எல்லாத்துலயும் பியர் நாத்தம்."

"ஆறே நாள்தான் நோரா. ஆறாம் நாள் காலையில பத்தரைக்கு எடுத்துடறேன்."

"அதுக்குள்ள முடியலைன்னா? நேத்து எட்டிப் பாத்தேன், பால் மாதிரி பொங்கிக்கிட்டு இருக்கு."

"லேட்டா வர்றவங்களுக்காக நான் என்னிக்கும் காத்திருந்ததில்ல."

ஆறாம் நாள் பத்தரை மணிக்கு, கொப்பளித்துக்கொண்டிருந்த வாளியை இறக்கினார். குளியல் தொட்டி நிறையப் பழுப்பு நிறப் பாட்டில்கள் ஊறிக்கிடந்தன. வாளியைச் சமையலறை மேசைமேல் வைத்து, ரப்பர் குழாயின் நுனியை வாயால் உறிஞ்சி, ஒவ்வொரு பாட்டிலாக நிரப்பினார். குமிழி வருவதற்காகப் பாட்டிலுக்கு அரை ஸ்பூன் சர்க்கரை போடு என்றது புத்தகம். சிரில் ஒரு ஸ்பூன் போட்டார், அரை என்பது அவருக்குக் கறாராகப் படவில்லை. தகர மூடியை வைத்துச் சுத்தியலால் அடித்து இறுக்கினார். பாட்டில்மேல் லேபிள் ஒட்டினார். அதில் தேதி, வாளி எண், புறப்பட்ட நேரம்.

பத்தாம் நாள், பாட்டில்களை அடுக்கியிருந்த மாடிப்படிக்கு அடியில் டமார் என்று ஒரு சத்தம். நோரா கேஸ்தான் வெடித்தது என்று நினைத்துத் தெருவுக்கே ஓடிவிட்டாள். அடங்காத நுரை உள்ளிருந்து முட்டி, நாற்பது பாட்டிலில் பன்னிரண்டு சிதறிப்போயிருந்தன. சிரில் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிவிட்டு நோட்டில் எழுதினார்: "பன்னிரண்டு. வந்து சேரவில்லை."

மிச்சம் இருபத்தெட்டும் வந்து சேர்ந்தன. அதுதான் ஊர் செய்த பாவம். பாத்திரம் கழுவிய தண்ணீரைப் போல் கலங்கி, திகட்டும் இனிப்பாக, பிசைந்து வைத்த ரொட்டி மாவின் வாசனையோடு இருந்தது அந்த பியர். சிரில் ஒரு மிடறு குடித்தார். "நல்லாத்தான் இருக்கு" என்று கோப்பையைக் கீழே வைத்தார். மறுபடி அதை எடுக்கவில்லை. "நாமளே குடிச்சுத் தீத்துட்டா எப்படி? நண்பர்களுக்கு வேணும்ல?" என்றார்.

நோரா அவரையே பார்த்தாள். எந்த நண்பர்கள் என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

ரயில் பாதையை ஒட்டி, நகராட்சி நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காய்கறி போட வாடகைக்கு விட்டிருந்தது. சிரிலுக்கும் அங்கே ஒரு துண்டு உண்டு. அடுத்த துண்டு பெர்சி ஹாஸ்லமுடையது, தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், லெட்டூஸ் கீரை வளர்ப்பதில் சூரர். சிரில் வேலிக்கு மேலாக அவரிடம் இரண்டு பாட்டிலை நீட்டினார்.

பெர்சி அங்கேயே திறந்து ஒரு வாய் குடித்தார். அந்த ஊரில் ஒருவன் உயிரை விட்டாலும் விடுவான், அடுத்தவன் கொடுத்ததை நன்றாக இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லமாட்டான். பெர்சியின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. கண் ஓரம் ஈரமானது.

"யப்பா!" என்றார் கடைசியில். "இது... இது பியருப்பா, சிரில்!"

மறுத்துச் சொல்ல முடியாத உண்மைதான். சிரில் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு வீடுவரை சீட்டியடித்தபடி போனார்.

மறுவாரம் பெர்சியே வேலியருகே வந்து நின்றார். "சிரில், அந்தச் சரக்கு இன்னும் இருக்கா?"

"தீந்துடுச்சா?"

"ஒரு சொட்டு மிச்சமில்ல. சாயங்காலம் ஊத்தினது, காலையில பாத்தா எல்லாம் முடிஞ்சுபோச்சு. பிரமாதம்ப்பா!"

அதற்குப் பிறகு விஷயம் காட்டுத்தீயாகப் பரவியது. கார்டன் லீச் வந்தார். அவர் பதினாலாம் நம்பர் பஸ் ஓட்டி, இடுப்பு வலியால் வேலையை விட்டவர். அவர்மேல் சிரில் நான்கு ரிப்போர்ட் எழுதியிருந்தார். அந்த கார்டனே, "இன்ஸ்பெக்டரே, எனக்கும் நாலு பாட்டில் பாத்து கொடுங்களேன்" என்று பல்லைக் காட்டி நின்றார். தோட்டக்காரர் சங்கத்தின் செயலாளர் மிஸ் என்ட்விசிலும் வந்தார். மது ஆகாத மெதடிஸ்ட் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர், பப்பு இருக்கும் தெருவில்கூட எதிர்ப்பக்கமாக நடப்பவர். வாரத்துக்கு ஆறு பாட்டில் வேண்டும் என்றார்.

இன்னொருவராக இருந்தால் இங்கேயாவது சந்தேகம் தட்டியிருக்கும். சிரிலுக்கோ தலைகால் புரியவில்லை. "அந்தம்மாவே விழுந்துட்டாங்க நோரா!" என்றார். "என் பியரு அப்படி!"

இரண்டு கோடைக்காலம் அவர் ராஜாவாக இருந்தார். அலமாரியில் இப்போது இரண்டு வாளி. நோராவின் துண்டுகள் படுக்கையறை நாற்காலிகளுக்குக் குடிபெயர்ந்தன. தோட்டத்துக்குள் நுழைந்தாலே நாலு பக்கமிருந்தும் "சிரில்! சிரில்!" என்று குரல் வரும். காலிப் பாட்டில்களைக் கழுவித் திருப்பிக் கொடுப்பார்கள். முப்பத்தோரு வருடமாக யாரும் கேட்காத கேள்வியை, "எப்படி இருக்கீங்க?" என்பதை, இப்போது வாரத்துக்குப் பத்துப் பேர் கேட்டார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னார்.

மூன்றாம் வருடம் ஜூன் மாதம். சிரில் தோட்டத்துக்குப் போவது எப்போதும் மதியம் இரண்டு மணிக்கு. அன்று காலை பார்க்க வேண்டியிருந்த பல் மருத்துவர் உடம்பு சரியில்லையென்று கடையைச் சாத்திவிட்டதால் ஒன்பதுக்கே தோட்டத்துக்குப் போய்விட்டார். வாழ்நாளில் முதல்முறையாக நேரம் தப்பி ஓர் இடத்துக்குப் போனார். மழை அப்போதுதான் விட்டிருந்தது. பெர்சியின் தகரக் கொட்டகைக்குப் பின்னால் பேச்சுக் குரல் கேட்டது. குரல் கொடுக்க வாயைத் திறந்தவர், பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

லெட்டூஸ் பாத்தியில் செடிக்குச் செடி நடுவே காலி மார்கரின் வெண்ணெய் டப்பாக்களை விளிம்புவரை மண்ணில் புதைத்திருந்தார்கள். பெர்சி குனிந்து ஒவ்வொன்றிலும் பியரை ஊற்றிக்கொண்டிருந்தார். பாட்டில்மேல் சிரிலின் லேபிள். பக்கத்தில் கவிழ்த்திருந்த நேற்றைய டப்பாக்களிலிருந்து, அந்த ஊர்த் தோட்டங்களை இரவோடிரவாக மொட்டையடிக்கும் ஓடில்லாத நத்தைகள், பெருவிரல் தடிமனில், குடித்து ஊறிச் செத்துக் குவிந்திருந்தன.

"என் பாத்தியில நேத்து மட்டும் முப்பத்தெட்டு" என்றார் கார்டன்.

"கடை பியரையும் ஊத்திப் பாத்தேன். ஒண்ணுகூட எட்டிப் பாக்கல" என்றார் பெர்சி. "ஆர்மராடோடதுன்னா நாலு தோட்டம் தாண்டி வருதுங்க."

"பாவம், நத்தைக்கு ருசி தெரியாது போல."

"தெரிஞ்சா சாகுமா?"

இருவரும் சிரித்தார்கள். பிறகு கார்டன் தலையைச் சொறிந்தார். "அவர்கிட்ட யாராவது சொல்லணும்ல?"

"நீ சொல்லேன்."

"நானா? நாலு ரிப்போர்ட் எழுதினவருதான். இருந்தாலும் என்னால ஆகாதுப்பா. பாட்டிலை நீட்டறப்ப அந்த ஆளு மூஞ்சியப் பாத்திருக்கியா?"

சிரில் சத்தமில்லாமல் திரும்பி நடந்தார். வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னார். நோரா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பதை நிறுத்தவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றார்.

"போன வருஷமே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீ சீட்டியடிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தே, சிரில். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்துல நீ சீட்டியடிச்சு நான் கேட்டதில்ல. எந்த வாயால சொல்லச் சொல்றே?"

அவர் அன்றே வாளிகளைக் கழுவிக் கவிழ்த்தார். தோட்டத்துக்குப் போவதை நிறுத்தினார். கேட்டவர்களிடம் முதுகு வலி என்று நோரா சொன்னாள். அவள் துண்டுகள் மறுபடி அலமாரிக்குள் ஏறின. அதில் அவளுக்குச் சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஜூலையில் மழை பிடித்துக்கொண்டது. பிடித்தது விடவில்லை. நத்தைகள் படையெடுத்து வந்தன. பெர்சியின் லெட்டூஸில் நரம்பு மட்டும் மிஞ்சியது. மிஸ் என்ட்விசிலின் டாலியாப் பூச்செடிகள் குச்சியாக நின்றன. ஆகஸ்ட் கடைசியில் தோட்டக்காரர் சங்கத்தின் காய்கறிப் போட்டி வரவிருந்தது. போட்டிக்கு வைக்க ஒரு முழு இலைகூட இல்லை. ஒரு வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு சிரில் வீட்டுக் கதவைத் தட்டி மூன்று பேர் நின்றார்கள்: பெர்சி, கார்டன், மிஸ் என்ட்விசில்.

"முதுகு எப்படிப்பா இருக்கு?" என்றார் பெர்சி. தொப்பியைக் கையில் சுற்றினார். "உன் பியரு இல்லாம ஊரே காஞ்சு கெடக்கு, சிரில். எல்லாருக்கும் தொண்டை வறண்டுபோச்சு."

"அப்படியா?" என்றார் சிரில். "உள்ள வாங்க. நல்ல வேளை, கடைசியா நாலு பாட்டில் இருக்கு."

மூவரையும் சமையலறை மேசையில் உட்காரவைத்தார். மூன்று பெரிய கோப்பைகளை எடுத்து, நிதானமாக, விளிம்புவரை ஊற்றினார். சுவரில் பிரிவுபசாரக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பஸ் நிறுத்தத்தில் நிற்பதுபோல் நின்றார்.

"தொண்டை வறண்டுபோச்சுன்னீங்களே. குடிங்க."

பெர்சி குடித்தார். கார்டன் குடித்தார். முகம் கோணாமல் குடிப்பதற்கு ஒரு பரிசு இருந்திருந்தால் அன்று இருவருக்கும் பிரித்துக் கொடுத்திருக்கலாம். "அருமை" என்றார் பெர்சி, கோப்பையை வைத்துவிட்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு. "இதுக்குத்தான் ஏங்கிப்போயிருந்தோம்" என்றார் கார்டன். சிரில் இருவருக்கும் மறுபடி நிரப்பினார்.

"மிஸ் என்ட்விசில், நீங்க தொடவே இல்லையே? வாரம் ஆறு பாட்டில் வாங்கினவங்க!"

அந்த அம்மாள் கோப்பையைப் பார்த்தார். மரியாதை ஒரு பக்கம் இழுத்தது, சர்ச் ஒரு பக்கம் இழுத்தது. கடைசியில் முதுகை நிமிர்த்தினார்.

"மிஸ்டர் ஆர்மராட், மதுவைத் தொட மாட்டேன்னு பதினாலு வயசுல சத்தியம் பண்ணினவ நான். உங்க பியரை ஒரு சொட்டுகூட நான் குடிச்சதில்ல. அத்தனையும் நத்தைக்குத்தான் ஊத்தினேன். இவங்களும் அப்படித்தான்."

பெர்சி கண்ணை மூடிக்கொண்டார். 

"தெரியும்" என்றார் சிரில். "ஜூன்லேர்ந்தே தெரியும்."

கார்டன் தன் கோப்பையைப் பார்த்தார். இரண்டாவது கோப்பையிலும் பாதி உள்ளே போயிருந்தது. "தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டேவா எங்களை இதைக் குடிக்க வெச்சீங்க?"

"நேரத்துக்குச் சொல்லியிருந்தா குடிச்சிருக்க வேண்டாமே. ரெண்டு வருஷம் லேட்டு, கார்டன். இது அஞ்சாவது ரிப்போர்ட்டுன்னு வெச்சுக்கோ."

முதலில் சிரித்தது நோரா. அடுப்படியில் திரும்பி நின்றவளின் தோள் குலுங்கியது. அப்புறம் பெர்சி, அப்புறம் கண்ணில் தண்ணீர் வரக் கார்டன். மிஸ் என்ட்விசில்கூடக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரில் சிரிக்கவில்லை. ஆனால் தன் மேசையைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்து சிரிப்பதை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"காய்ச்சித் தர்றேன்" என்றார். "ஆனா வியாழக்கிழமை நாலு மணிக்கு இங்க வந்து வாங்கிக்கணும். ஆளுக்கொரு கோப்பை குடிச்சிட்டுத்தான் பாட்டிலை எடுக்கணும். மிஸ் என்ட்விசிலுக்கு டீ."

"அது தண்டனைப்பா!" என்றார் பெர்சி.

"ஆமா."

அந்த வருடம் போட்டியில் பெர்சிக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. மழைக்காலம் போய், குளிர்காலம் போய், வியாழக்கிழமைகள் மட்டும் நிற்கவில்லை. நத்தையே தலைகாட்டாத ஜனவரியிலும் வந்தார்கள். "பழகிப்போச்சு" என்றார் கார்டன், மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு. நோரா கேக் செய்து வைத்தாள். சீட்டியும் திரும்பி வந்தது.

மே மாதம் பிளாக்பூலில் நோராவின் தங்கை வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். இருவரும் அவசரமாகக் கிளம்பிப் போனார்கள். திரும்பி வருவதற்குள் வாளி அலமாரியில் பதினைந்து நாள் கிடந்துவிட்டது. நுரை அடங்கி, வண்டல் கீழே படிந்து, மேலே தெளிந்து நின்றது. கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தபடியே சிரில் பாட்டிலில் அடைத்தார். சர்க்கரையை நோரா போட்டாள், பாட்டிலுக்கு அரை ஸ்பூன்தான்.

அடுத்து வந்த ஒரு வியாழக்கிழமை அதைத் திறந்தபோது கோப்பையில் தேன் நிறத்தில் இறங்கியது. கார்டன் வழக்கம்போல் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தார். கையை மூக்கிலிருந்து எடுத்தார்.

"இன்ஸ்பெக்டரே, இது நல்லா இருக்கு."

"போன வாரமும் அதைத்தானே சொன்னே?"

"இல்ல. இது நெசமாவே நல்லா இருக்கு."

பெர்சி கேட்காமலேயே இரண்டாவது கோப்பை ஊற்றிக்கொண்டார். சிரிலும் குடித்தார், இரண்டு கோப்பை. தன் கையால் செய்ததை முதல்முறையாகக் கடைசி சொட்டுவரை குடித்தார். அன்றிரவு நூலகப் புத்தகத்தில் அந்த வரியின் மறுபாதிக்கும் பென்சிலால் கோடு போட்டார்.

அடுத்த வாரம் மூவரும் தொங்கிய முகத்தோடு வந்தார்கள்.

"தப்பா நினைக்காதே, சிரில்" என்றார் பெர்சி. "ஒரு நத்தைகூட விழல. டப்பாவைச் சுத்திக்கிட்டுப் போய் லெட்டூஸைத் தின்னுட்டுப் போகுது."

"என்னோட புது டாலியா நாத்து பன்னிரண்டு போச்சு" என்றார் மிஸ் என்ட்விசில், டீக்குள் பார்த்தபடி. "பழைய மாதிரியே பண்ண முடியுமா, மிஸ்டர் ஆர்மராட்?"

அவர்கள் போன பிறகு நோரா தட்டுகளை அடுக்கினாள். "நல்லதாவே போடு, சிரில். நத்தை எக்கேடோ கெட்டுப்போகட்டும். உனக்கே அவ்வளவு பிடிச்சிருந்துச்சே."

"நல்ல பியரு வீவர்ஸ் பப்புலயே கெடைக்குது, நோரா" என்றார் அவர். "அதுக்காக நம்ம வீட்டுக் கதவை யாரு தட்டப் போறா?"

நோரா தட்டுகளைக் கழுவும் தொட்டியில் வைத்தாள். பிறகு மாடிக்குப் போனாள். அலமாரியிலிருந்த துண்டுகளையெல்லாம் தானே எடுத்து நாற்காலியில் போட்டு, வாளிக்கு இடம் பண்ணினாள்.

ஆறாம் நாள் காலை, கடிகாரம் பத்தரையைக் காட்டியபோது சிரில் வாளியை இறக்கிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். மூடியைத் திறந்ததும் நுரை பொங்கி விளிம்பில் வழிந்தது. நோரா எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் முடியலையே, சிரில்."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, அவர் ரப்பர் குழாயின் நுனியை வாயில் வைத்து உறிஞ்சினார்.